பைபாஸ் இயலாத இருதயமும் லேசர் கதிரும்

மாரடைப்பு என்னும் சொல்லை அறியாத மலேசியத் தமிழ்க் குடும்பம் இன்று இல்லை எனலாம். 2020ஆம் ஆண்டில் மலேசியாவில் மருத்துவச் சான்று பெற்ற மரணங்களுள் நூற்றுக்குப் 17 இரத்தக்குழாய் அடைப்பால் வரும் இருதய நோயால் நேர்ந்தவை என்று புள்ளிவிவரத் துறை அறிவித்தது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. நம் மக்கள் இனிப்பு நீர் என்று சொல்லும் இந்நோய்க்கும் இருதய அடைப்புக்கும் உள்ள உறவு மிக நெருக்கமானது.

ஆகவே ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட், பைபாஸ் போன்ற சொற்கள் நம் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் வீட்டுச் சொற்களாகிவிட்டன. ஆனால் பரிசோதனை முடிந்த பிறகு சிலரிடம் மருத்துவர், "உங்களுக்கு பைபாஸ் பொருந்தாது" என்கிறார். மருத்துவமனையில் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லப்படும் இந்த வாக்கியம் வீடு வந்து சேர்வதற்குள், "டாக்டர் கைவிட்டுவிட்டார்" என்று மாறிவிடுகிறது. அந்த வேளையில்தான் உறவினர் ஒருவர், "லேசர் வைத்தியம் ஒன்று இருக்கிறதாமே, கத்தியே வேண்டாமாம்" என்பார். நகையை அடகு வைக்கலாமா, சேமநிதியை எடுக்கலாமா என்ற பேச்சு அதன்பின் தொடங்கும்.

அந்த லேசர் சிகிச்சை எப்படித் தோன்றியது, என்ன செய்கிறது, ஆய்வுகள் அதைப்பற்றி என்ன கூறின, பைபாஸ் இயலாதவருக்கு இன்று உள்ள வழிகள் யாவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பைபாஸ் ஏன் சிலருக்குப் பொருந்துவதில்லை?

கெடா மாநிலத்தில் தஞ்சோங் டாவாய் என்னும் மீனவர் ஊர் மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ளது. எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா. படகில் ஏறினால் சில நிமிடங்களில் அக்கரை சேரலாம். சாலை வழியாகப் போவதென்றால் செமெலிங், சுங்கைப் பட்டாணிப் பக்கமாக நெடுந்தொலைவு சுற்ற வேண்டும். படகு நல்ல குறுக்கு வழிதான். ஆனால் அது ஒதுங்குவதற்கு அக்கரையில் படகுத்துறை இருக்க வேண்டும். கரை முழுவதும் சேறும் சதுப்பு மரங்களுமாக இருந்தால் எவ்வளவு நல்ல படகாக இருந்தும் பயனில்லை.

பைபாஸ் அறுவைச் சிகிச்சையும் இத்தகையதே. காலிலிருந்து எடுத்த நாளத்தையோ மார்புச் சுவரிலுள்ள தமனியையோ கொண்டு, அடைப்புக்கு அப்பால் இரத்தம் போய்ச் சேர மருத்துவர் புதுவழி அமைக்கிறார். அந்த வழி போய்ச் சேரும் இடத்தில் தையல் போடும் அளவுக்கு அகலமும் நலமும் உள்ள குழாய் இருக்க வேண்டும். பல்லாண்டு நீரிழிவு உள்ளவர்களிடம் அடைப்பு ஓரிடத்தில் மட்டும் நிற்பதில்லை. குழாயின் நீளம் முழுவதும் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து, நுனிக் கிளைகளும் மெலிந்துவிடுவது உண்டு. அங்கே தைப்பதற்கு இடமில்லை.

இரண்டாவது வகையினர், ஏற்கெனவே பைபாஸ் செய்துகொண்டு, வைத்த குழாய்களும் மீண்டும் அடைபட்டவர்கள். மூன்றாவது வகையினர், சிறுநீரகம், நுரையீரல் முதலிய உறுப்புகளின் நோயால் பெரிய அறுவையைத் தாங்க இயலாதவர்கள். லேசர் சிகிச்சை முதல் இரு வகையினரை எண்ணியே உருவாக்கப்பட்டது. பைபாஸ் பொருந்தாது என்பது ஓர் அறுவையைப்பற்றிய முடிவு மட்டுமே என்பதை இங்கேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

2. பாம்பின் இருதயத்தில் பிறந்த எண்ணம்

மனித இருதயத்தின் அறைகளில் எந்நேரமும் இரத்தம் நிறைந்திருக்கிறது. ஆயினும் இருதயத் தசை அந்த இரத்தத்தை நேரே பருகுவதில்லை. மகாதமனியிலிருந்து பிரிந்து இருதயத்தின் வெளிப்புறமாக ஓடும் கரோனரித் தமனிகள்தாம் அதற்கு இரத்தம் ஊட்டுகின்றன. பாம்பு போன்ற ஊர்வனவற்றின் அமைப்பு வேறு. அவற்றின் இருதயத் தசை பெரும்பாலும் கடற்பஞ்சு போன்றது. அறையிலுள்ள இரத்தம் தசையின் இடுக்குகளில் நேரடியாகப் புகுந்து ஊட்டம் தருகிறது.

மனித இருதயத்திலும் இவ்வாறு செய்தால் என்ன என்று சிந்தித்தவர்களுள் முன்னோடி ஓர் இந்தியர். பம்பாய் கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பிரஃபுல்ல குமார் சென், ஊசியால் இருதயத் தசையில் நுண்துளைகள் இட்டு, அறையிலிருந்து தசைக்கு இரத்தம் செல்ல வழி செய்யும் ஆய்வை 1965ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1968 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் இருதய மாற்று அறுவையைச் செய்தவரும் இவரே.

இவருக்கு முன்னரே, 1946இல், கனடாவின் ஆர்தர் வைன்பெர்க், மார்புத் தமனியின் நுனியை இருதயத் தசைக்குள் புதைக்கும் முறையைத் தொடங்கியிருந்தார். அடைப்பைத் தொடாமல் தசைக்கு வேறு வழியில் இரத்தம் தர வேண்டும் என்பதே இவர்கள் எல்லாருடைய எண்ணம். 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் மருத்துவமனையில் ரெனே ஃபவலோரோ நாளத்தைக் கொண்டு பைபாஸ் செய்யும் முறையை நிலைநிறுத்தினார். 1977இல் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூன் சிகிச்சையைத் தொடங்கினார். நேர்வழி திறந்ததும் மற்ற முறைகள் பின்தள்ளப்பட்டன. நேர்வழி பொருந்தாத நோயாளிகளோ அப்படியே நின்றார்கள்.

3. லேசர் செய்யும் வேலை

ஊசித் துளை விரைவில் மூடிக்கொண்டது. லேசர் கதிரால் துளையிட்டால் அது திறந்தே இருக்கும் என்ற நம்பிக்கையுடன், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மஹ்மூத் மிர்ஹுசைனி 1980களின் தொடக்கத்தில் கரியமிலவாயு லேசரைப் பயன்படுத்தத் தொடங்கினார். முதலில் பைபாஸுடன் சேர்த்தும், பின்னர் தனியாகவும் இம்முறை செய்யப்பட்டது.

லேசர் என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது கண் சிகிச்சை. நாற்காலியில் உட்கார்ந்து, ஒளி பட்டு, அன்றே வீடு திரும்பும் சிகிச்சை அது. இருதய லேசர் அப்படிப்பட்டதன்று. நோயாளிக்கு முழு மயக்க மருந்து கொடுத்து, இடப்பக்க விலா எலும்புகளுக்கிடையே மார்பைத் திறக்கிறார்கள். இருதயம் துடித்துக்கொண்டே இருக்கும். இருதய நுரையீரல் இயந்திரம் தேவையில்லை. இடக் கீழறையின் வெளிச்சுவரில் லேசர் முனையை வைத்து, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலமுள்ள துளைகளை அறைவரை இடுகிறார்கள். பொதுவாக 20 முதல் 40 துளைகள் வரை இடுவது வழக்கம். வெளிப்புறத் துளைகளை விரலால் சிறிது நேரம் அழுத்தினால் இரத்தம் உறைந்து வாய் அடைபடும். உட்புறம் திறந்தேயிருந்து தசைக்கு இரத்தம் தரும் என்பது எதிர்பார்ப்பு. எனவே, "கத்தியே வேண்டாம்" என்ற பேச்சு இந்த அறுவைக்குச் சற்றும் பொருந்தாது.

4. நம்பிக்கை தந்த எண்கள்

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1998இல் கரியமிலவாயு லேசருக்கும், 1999இல் ஹோல்மியம் லேசருக்கும் அனுமதி அளித்தது. 1999இல் நியூ இங்கிலண்ட் மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. முடிவுகளைப் புரிந்துகொள்ள ஓர் அளவுகோலை அறிவது நல்லது. நெஞ்சு வலியை மருத்துவர்கள் நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். கடும் உழைப்பில் மட்டும் வருவது முதற்படி. சட்டை மாட்டினாலும், சும்மா இருந்தாலும் வருவது நான்காம் படி.

முதல் ஆய்வில் 192 நோயாளிகள் இடம்பெற்றனர். ஓராண்டு கழித்து, லேசர் பெற்றவர்களுள் 72 விழுக்காட்டினருக்கு வலி இரண்டு படிகளோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களுள் அப்படிக் குறைந்தவர்கள் 13 விழுக்காட்டினரே. 275 பேர் கொண்ட இரண்டாம் ஆய்வில் இந்த அளவு முறையே 76, 32 விழுக்காடு.

அதே ஆண்டில் லேன்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு அவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை. 188 பேரை ஆராய்ந்ததில், வலி இரண்டு படி குறைந்தவர்கள் லேசர் பிரிவில் 25 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 4 விழுக்காடு. ஆனால் நடைப்பொறியில் நடக்க வைத்துப் பார்த்தபோது இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அறுவையை ஒட்டி இறந்தவர்கள் நூற்றுக்கு ஐவர். இம்முறையைப் பரவலாக்கப் பரிந்துரைக்க இயலாது என்று அந்த ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

5. வலி ஏன் குறைந்தது?

இங்கேதான் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. இறந்த நோயாளிகளின் இருதயத்தை ஆராய்ந்தபோது, லேசர் துளைகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. பால்மரத்தில் சீவிய பட்டை மீண்டும் வளர்ந்து காயத்தை மூடுவதை நம் பெற்றோர் கண்டிருப்பார்கள். உயிருள்ள தசையும் தன் காயத்தை அவ்வாறே மூடிக்கொள்கிறது. துளைக்குள் இரத்தம் உறைந்து, நாளடைவில் தழும்பாகிவிடுகிறது. அப்படியானால் பாம்பின் இருதயத்தைப் பார்த்துச் செய்த கணக்கு தவறு. ஆனாலும் நோயாளிகள், "வலி குறைந்தது" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

இதற்கு மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, காயம் ஆறும்போது அதைச் சுற்றிப் புதிய நுண்குழாய்கள் தோன்றியிருக்கலாம். இரண்டு, வலியை உணர்த்தும் நுண்ணரம்புகள் லேசர் சூட்டில் அழிந்திருக்கலாம். மூன்று, பெரிய சிகிச்சை ஒன்று நடந்தது என்ற நம்பிக்கையே வலியைக் குறைத்திருக்கலாம்.

மூன்றாவது விளக்கத்தைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். இருதய மருத்துவ வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. மார்புத் தமனிகளைக் கட்டிவிட்டால் இருதயத்துக்கு அதிக இரத்தம் போகும் என்று நம்பி, 1950களில் பலருக்கு அந்த அறுவை செய்யப்பட்டது. பெரும்பாலோர் நலமடைந்ததாகவே சொன்னார்கள். 1959இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லெனார்டு காப் என்பவர் 17 நோயாளிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். சிலருக்கு உண்மையான அறுவை. மற்றவர்களுக்குத் தோலைக் கீறித் தைத்ததோடு சரி. யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. இரு பிரிவினரும் ஒரே அளவில் நலமடைந்தனர். அந்த அறுவை அத்தோடு மறைந்தது.

1999இல் வந்த லேசர் ஆய்வுகளில் இத்தகைய போலிச் சிகிச்சைப் பிரிவு இல்லை. மார்பு திறக்கப்பட்டவருக்கும் மருந்து மட்டும் பெற்றவருக்கும் தாம் எந்தப் பிரிவு என்று நன்றாகத் தெரியும். பின்னர், மார்பைத் திறக்காமல் தொடைத் தமனி வழியாக நுண்குழாயைச் செலுத்தி, உட்புறமிருந்து லேசர் பாய்ச்சும் முறை வந்தது. அதில் போலிச் சிகிச்சை செய்து பார்ப்பது எளிது. 298 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி நடத்திய அந்த ஆய்வின் முடிவு 2005இல் வெளியானது. அதிக லேசர், குறைந்த லேசர், லேசரே இல்லாத போலிச் சிகிச்சை ஆகிய மூன்று பிரிவினரும் ஆறு மாதத்தில் ஒரே அளவு முன்னேற்றம் காட்டினர். லேசர் பெறாதவரும் நலமடைந்திருந்தார்.

இம்முடிவு நுண்குழாய் வழி லேசரைப்பற்றியது. மார்பைத் திறந்து செய்யும் முறையை இதே அளவுகோலால் யாரும் சோதிக்கவில்லை என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். ஆனால் சோதிக்கப்படாமை ஒரு சிகிச்சைக்குத் தகுதிச் சான்று ஆகிவிடாது.

6. இன்றைய தீர்ப்பு

ஏழு ஆய்வுகளை, 1137 நோயாளிகளை, ஒருங்கே தொகுத்து 2009இல் காக்ரன் அமைப்பு மதிப்பீடு வெளியிட்டது. வலி இரண்டு படி குறைந்தவர்கள் லேசர் பிரிவில் 43.8 விழுக்காடு, மற்றதில் 14.8 விழுக்காடு. ஆனால் ஓராண்டில் இறந்தவர்கள் 12.2 விழுக்காடும் 11.9 விழுக்காடும். அதாவது, ஆயுள் கூடவில்லை. அறுவையின் ஆபத்தை மிஞ்சும் நன்மை இருப்பதாகச் சொல்லப் போதிய சான்றில்லை என்பதே அதன் முடிவு. அதே ஆண்டில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, இச்சிகிச்சையைப் பயன்படுத்தக்கூடாது என்று வழிகாட்டியது. ஐரோப்பிய இருதயவியல் கழகமும் 2013இல் இதைப் பரிந்துரைக்க மறுத்தது. அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிகிச்சை என்பது உண்மையே. ஆயினும், "அமெரிக்காவில் அனுமதித்தது" என்ற ஒரு வரியை வைத்து யாரும் வீட்டை அடகு வைக்கக்கூடாது.

7. அப்படியானால் வழியே இல்லையா?

உண்டு. முதலாவது, மருந்து. இருதயத் துடிப்பைத் தணிப்பவை, குழாய்களைத் தளர்த்துபவை, கொழுப்பைக் குறைப்பவை, இரத்தம் உறைவதைத் தடுப்பவை என ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. அவை உரிய அளவில், நாள் தவறாமல் உட்கொள்ளப்படுகின்றனவா என்பதே முதற்கேள்வி. வலி இல்லாத நாளில் மாத்திரையை நிறுத்துவது நம் வீடுகளில் காணும் பெருந்தவறு.

இரண்டாவது, மறுபார்வை. பல ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைக்க இயலாது என்று விடப்பட்ட முழு அடைப்புகளில் சிலவற்றை, இன்று பயிற்சி பெற்ற வல்லுநர்கள் நுண்கம்பிகளைக்கொண்டு திறக்கிறார்கள். வட கெடா, மத்தியக் கெடா நோயாளிகள் இருதய அறுவைக்காகப் பினாங்குக்கோ, 1992இல் தோற்றுவிக்கப்பட்ட கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்துக்கோ அனுப்பப்படுவது நெடுநாள் வழக்கம். ஆஞ்சியோகிராம் பதிவைக் கேட்டுப் பெற்று, அத்தகைய பெரிய நிலையத்தில் மற்றொரு நிபுணரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது, கால்களில் காற்றுப் பட்டைகளைக் கட்டி, இருதயத் துடிப்புக்கு இசைய அழுத்தும் முறை. நாளொன்றுக்கு ஒரு மணி வீதம் மொத்தம் 35 மணி நேரம் இதைச் செய்வது வழக்கம். 139 பேர் கொண்ட 1999ஆம் ஆண்டின் ஆய்வில், போலி அழுத்தத்தோடு ஒப்பிட்டு இது சோதிக்கப்பட்டு, வலி குறைந்தது கண்டறியப்பட்டது.

நான்காவது, இருதயத்தின் இரத்தம் திரும்பி வரும் நாளத்தில் மணற்கடிகார வடிவ வலையைப் பொருத்தி, அதை ஒடுக்கும் முறை. 2015இல் வெளிவந்த 104 பேர் ஆய்வில், வலி இரண்டு படி குறைந்தவர்கள் 35 விழுக்காடு, போலிச் சிகிச்சையில் 15 விழுக்காடு. 2024இல் வந்த மற்றொரு போலிச் சிகிச்சை ஆய்வும் வலி குறைவதைக் காட்டியது. ஆனால் தசைக்குச் செல்லும் இரத்தம் கூடியதாகக் காட்டவில்லை. இது எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதன்று.

இவற்றோடு, மேற்பார்வையில் செய்யும் உடற்பயிற்சி, புகையை விடுதல், இனிப்பு நீரையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தல் ஆகியவை எல்லாருக்கும் பொது. நெத்திலிக்கும் கருவாட்டுக்கும் பெலாச்சானுக்கும் பேர்போன தஞ்சோங் டாவாய்ப் பக்கத்து உணவில் உப்பு எவ்வளவு என்பதை அவ்வூரார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. குறைக்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

8. மாணவர் செய்யக்கூடியது

தோட்டத்திலிருந்தும் சிறுபட்டணத்திலிருந்தும் பல்கலைக்கழகம் வந்தவர்கள் நம்மில் பலர். வீட்டுப் பெரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவரும், மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்பவரும் நாமே. "பொருந்தாது" என்பதைக் "கைவிட்டார்கள்" என்று மொழிபெயர்த்தால், நோயாளி மருந்தையும் நம்பிக்கையையும் ஒருசேர விட்டுவிடுவார். அல்லது, விளம்பரம் செய்பவரிடம் பணத்தை இழப்பார். எனவே அடுத்த முறை மருத்துவரின் அறைக்குள் செல்லும்போது கீழ்க்காணும் கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

(அ) எந்தக் காரணத்தால் பைபாஸ் பொருந்தவில்லை? குழாயின் நிலையாலா, மற்ற உறுப்புகளின் நிலையாலா?
(ஆ) மருந்துகள் உரிய அளவில் உள்ளனவா? கூட்டவோ மாற்றவோ இடமுண்டா?
(இ) ஆஞ்சியோகிராம் பதிவை வேறொரு நிபுணர் பார்க்கலாமா?
(ஈ) புதிய சிகிச்சை ஏதேனும் சொல்லப்பட்டால், அது வலியைக் குறைக்குமா, ஆயுளைக் கூட்டுமா?
(உ) அது போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டதா? அதன் ஆபத்து நூற்றுக்கு எத்தனை?

வழக்கமான வலி திடீரெனக் கூடினாலோ, ஓய்விலும் வந்தாலோ, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரைக்கும் அடங்காவிட்டாலோ, கேள்வி எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 999ஐ அழைக்க வேண்டும் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

பிரஃபுல்ல குமார் சென் போன்ற முன்னோடிகள் கைவிடப்பட்ட நோயாளிகளுக்காகவே சிந்தித்தார்கள். அவர்களின் எண்ணம் முழுதும் நிறைவேறவில்லை என்று காட்டியதும் அறிவியல்தான்; அவர்கள் விட்ட இடத்திலிருந்து வேறு வழிகளைத் தேடித் தந்ததும் அதே அறிவியல்தான். "பைபாஸ் செய்ய முடியாது" என்பதும் "ஒன்றும் செய்ய முடியாது" என்பதும் வேறு வேறு. இவ்வேறுபாட்டை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெளிந்த தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பு, படித்தவர்களாகிய நம்முடையது.